அய்யம்மாள் ஒத்துக்கொண்டது

விருதுநகர்,
13-10-1962

கர்த்தருக்குள் அன்பான தம்பி சீலனுக்கு அக்கா பூரணி எழுதுவது.

நீ பெங்களூரில் தன்னோடு தன் அறையில்தான் இருக்கிறாய் என்று உன் கூட்டாளி நேசகுமார் போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. படித்ததும் ஆஸ்பத்திரி வார்டு என்றும் பார்க்காமல் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். எழுந்த பிறகு உன்னை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல இருந்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிடுகிறேன். பிரஸ்ஸில் தாள் அடுக்குகிறாயாம், யாரோடும் பேசுவதில்லையாம், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாயாம். இடம் கொடுத்தவன் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார். சாப்பிடு.

அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் லீவு போட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து வீட்டுக்குப் போய் வந்தேன். கறுப்பாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மழையில் பின்சுவர் சரிந்து சேசுராஜ் மாமா வந்து முட்டுக் கொடுத்திருக்கிறார். கோயிலில் அம்மா எப்போதும் முன்னால்தானே உட்காருவாள், இப்போது கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. போதகர் தடுக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை, அவளாகத்தான் போகவில்லை. ஏனம்மா என்று கேட்டேன். "பிள்ளைகளப் பறிகுடுத்தவளுக எல்லாம் அங்கன முழங்கால் போட்டு நிக்கயில, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி பக்கத்துல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டாள்.

இனி நீ அறியாததை எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மேலத்தெரு அய்யம்மாளை வெந்த உடம்போடு பட்டாசுக் கம்பெனி லாரியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் ஒப்படைத்தாய். முந்தின நாள் மழையில் கூரை ஒழுகி வெடிமருந்து நனைந்ததையும், அது தொட்டால் சுடுகிறது என்று நீ மானேஜர் லட்சுமிகாந்தத்திடம் இரண்டு தடவை சொன்னதையும், வெயிலில் உலர்த்தி அடைத்துவிடு, சாயங்காலம் லோடு போக வேண்டும் என்று அவர் சொன்னதையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். மறுபடியும் சொல்ல ஆபீசுக்குப் போயிருந்தபோது உன் முதுகுக்குப் பின்னால் மருந்து அடைக்கிற செட்டு வெடித்ததாகச் சொன்னாய். நான் ஸ்ட்ரெச்சருக்கு ஓடித் திரும்பினால் உன்னைக் காணவில்லை.

ஏழு பேரையும் அடக்கம் பண்ணியாயிற்று. மேலத்தெருவில் நாலு பேர், நம் தெருவில் மூன்று பேர். பாலம்மாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவள் மறுநாள் என் வார்டில்தான் போனாள். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஊர் அழுததைவிடத் தன்னைத்தானே அடித்துக்கொண்டதுதான் அதிகம். மேலத்தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம் அது. காப்புக் கட்டினால் பொங்கல் முடிகிற வரைக்கும் யாரும் ஊர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகக் கூடாது. தீபாவளி ஆர்டர் நிற்கிறது என்று லட்சுமிகாந்தம் வந்து கேட்டதும், பொழுதடைவதற்குள் திரும்பிவிட்டால் குற்றமில்லை என்று நாட்டாமை நாகையா விட்டுக்கொடுத்தார். நம் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது. போதகரும் அன்றைக்கு மட்டும் ஆராதனையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார். ஆகவே ஆத்தாள் கோபித்துக்கொண்டாள் என்கிறது மேலத்தெரு. கர்த்தர் தண்டித்துவிட்டார் என்கிறது நம் தெரு.

சாவு விழாத வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் ஈரத்துணியோடு அம்மன் கோயிலைச் சுற்றி உருண்டார்கள். நம் சபையில் உபவாச ஜெபம் வைத்து எல்லோரும் தரையில் முகங்குப்புற விழுந்து, நாங்கள் பாவிகள், நாங்கள் பாவிகள் என்று கதறினார்கள். நானும்தான் விழுந்தேன். எழுந்து பார்த்தால் வாசலில் லட்சுமிகாந்தம் வெள்ளை வேட்டியில் கை கட்டி நிற்கிறார். கோயிலுக்குப் புது பெட்ரோமாக்ஸ் விளக்குக் கொண்டுவந்திருக்கிறார். அம்மனுக்கு முந்தின நாளே வெள்ளிக் கண்மலர் கொடுத்தாயிற்றாம். இரண்டு இடத்திலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஊரே பாவம் செய்தது என்று எல்லோரும் விழுந்து கிடந்தபோது, கம்பெனியில் கூரை ஏன் ஒழுகியது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆனால் அம்புட்டுப் பாரத்தையும் ஊரால் ரொம்ப நாள் சுமக்க முடியவில்லை. பொங்கல் நின்றுபோனது ஏன் என்று சாமியாடி பத்திரகாளி என்கிறவனிடம் குறி கேட்டார்கள். "தீட்டோட எல்லையத் தாண்டுனவ ஒருத்தி இருக்கா" என்று அவன் சொன்னானாம். உடனே கூட்டத்துக்குள்ளேயிருந்து வேலுத்தாய், எம்மகதான் ஆத்தா, அய்யம்மாதான், அறியாம செஞ்சுட்டா என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். இது தம்பிக்கு எழுதுகிற விஷயம் இல்லை. நான் நர்ஸ், எனக்குக் கூச்சமில்லை, நீயும் கூச்சப்படாமல் படி. அன்றைக்கு அய்யம்மாள் வீட்டுக்குத் தூரம். வீட்டில் சொன்னால் ஒதுங்கி உட்கார வேண்டும், கூட்டாளிகள் எல்லாம் போகிறார்களே என்று மறைத்துக்கொண்டு, அம்மன் கோயில் வழியாகவே நடந்து வேலைக்குப் போயிருக்கிறாள். வார்டில் வலி பொறுக்காமல் அதைத் தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அவ்வளவுதான். ஊருக்கு மூச்சு வந்துவிட்டது. நாகையா அவள் அப்பா செல்லச்சாமியைக் கூப்பிட்டு, மகளை வீட்டில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் உன் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டார். செல்லச்சாமி கூட்டத்தின் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அவ எம்மகளே இல்ல என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. நம் தெருக்காரர்கள் தீட்டையும் காப்பையும் கேலி பேசுகிறவர்கள்தானே, அவர்களாவது வாய் திறந்திருக்கலாம். எவரும் திறக்கவில்லை. பழி மேலத்தெருவோடு போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கோயில் வாசலில் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், எனக்குத் தெரியும்.

லட்சுமிகாந்தத்தின் காதுக்கு இது போகாமல் இருக்குமா. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். "மருந்துச் சட்டியக் கைதவறிப் போட்டுட்டேன்னு ஆபீசர்கிட்டச் சொல்லிரு தாயி. ஒருத்தர் ஒத்துக்கிட்டா ஊரு மனசு ஆறிரும். நாகையாகிட்டப் பேசி ஒன்ன வீட்டோட சேத்துவிடுறது எம் பொறுப்பு" என்று தலையைத் தடவிச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவர் போன பிறகு, நீ போட்டாயாடி என்று கேட்டேன். "போடலக்கா. எப்படிச் சொன்னா என்ன, எல்லாம் என்னாலதான" என்கிறாள். தீட்டு என்றால் அன்றைக்கு அந்தச் செட்டில் இன்னும் எத்தனை பேருக்கு இருந்திருக்கும், மருந்துக்கு அதெல்லாம் தெரியுமா என்று கத்தினேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நவம்பர் ஐந்தாம் தேதி சாத்தூரில் சப் கலெக்டர் விசாரணை வைத்திருக்கிறார். அவளை ஸ்ட்ரெச்சரிலாவது கொண்டுவரச் சொல்லி உத்தரவு. அங்கே அவள் ஒத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஏழு பேரைக் கொன்றவள். நீ சொன்னதை நான் தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன். நீ கண்ணால் பார்த்தாயா அம்மா என்று கேட்டார், நியாயமான கேள்வி, நான் பார்க்கவில்லை. மருந்து சுட்டதைத் தொட்டுப் பார்த்தவன் நீ, மானேஜரிடம் சொன்னவன் நீ. வந்து சொல்.

ராத்திரி டூட்டிக்கு நேரமாகிறது. பதில் எழுது, முடிந்தால் பதிலாக நீயே வா.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வழி பார்த்திருக்கும் அக்கா,
ஞானபூரணி


விருதுநகர்,
24-10-1962

அன்புத் தம்பி சீலனுக்கு,

உன் கடிதம் வந்தது. அரைப் பக்கம் எழுத உனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், நலம் என்று எழுதுவதற்கு இல்லை. ஆஸ்பத்திரி ரேடியோவில் எந்நேரமும் சீனச் சண்டைச் செய்திதான். தீபாவளி நெருங்கிவிட்டது, ஊரில் யாரும் துணி எடுக்கவில்லை. அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள், பிறகு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட்டவனே நான்தான், அந்தத் தாய்மார்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போது வந்து மானேஜர் மேல் சொன்னால் தான் தப்பிக்கப் பார்க்கிறான் என்பார்கள் என்றும், அய்யம்மாளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ரயில் ஏறுகிற வேலையைப் பார்.

தம்பி, நீ தட்டவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தட்டினாய். மருந்து சுடுகிறது என்று தெரிந்தும் தட்டினாய். மானேஜர் சொல்லைத் தட்ட முடியாமல், வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும் என்று உன்னை நீயே தேற்றிக்கொண்டு தட்டினாய். பாலம்மாளின் தாய் பொன்னுத்தங்கம் அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். "சீலன் வந்து கூப்பிட்டான்னுதான் பூரணி அனுப்புனேன், வேற யாரு வந்து கூப்பிட்டாலும் ஞாயித்துக்கிழமை அனுப்பியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். உனக்கு இதை எழுதாமல் மறைத்திருக்கலாம். ஆனால் இது உன் பங்கு, நீதான் வந்து அவள் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். பெங்களூரில் பட்டினி கிடந்தால் அவளுக்கு அதில் என்ன ஆகிறது.

உன் தப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு வெட்கப்படு. அதற்கு மேல் ஒரு குந்துமணி எடை எடுத்துக்கொள்ளாதே. நம் ஆட்களுக்கு இதுதான் தெரியவில்லை. மேலத்தெருவில் உருண்டார்கள், நம் தெருவில் விழுந்தார்கள், நீ ஊரைவிட்டே ஓடினாய், அந்தச் சிறுபெண் சட்டியைப் போட்டேன் என்று சொல்லத் தயாராக இருக்கிறாள். எல்லோரும் அளவு தெரியாமல் அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டீர்கள். லட்சுமிகாந்தத்துக்கு என்று மிச்சம் ஒன்றுமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், அம்மா தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டுப் பாட வாய் வரவில்லை.

போதகரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் செய்யாததை ஒத்துக்கொள்ளப் போகிறாள், நீங்கள் சாத்தூருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். அவர் கெட்டவர் இல்லை சீலன், பயந்தவர். ஆராதனையை மாற்றிக் கொடுத்ததை வெளியே கேட்டால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று தூக்கம் இல்லாமல் கிடக்கிறார். நாகையாவுக்கும் அதே கதைதான். காப்புக்கு விலக்குக் கொடுத்தவர் தாம்தான் என்பது அவருக்கு மறந்தா போயிருக்கும். அதனால்தான் அய்யம்மாள் பெயரை அவர் அம்புட்டுக் கடுமையாகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அய்யம்மாளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. கழுத்திலும் இடது தோளிலும் புண் ஆறி வருகிறது, வலது கை விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்லச்சாமி ஒரு தடவைகூட வரவில்லை. வேலுத்தாய் மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒளித்து மறைத்து வருகிறாள். வந்தால் மகள் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போய்விடுகிறாள். நீ வராதம்மா, ஒன்னையும் தள்ளி வச்சிருவாக என்று இவள் அவளை விரட்டுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினால் எங்கே போவாய் என்று கேட்டேன். அதெல்லாம் விசாரணையில சொல்லி முடிச்சதும் ஊரு சேத்துக்கிரும் என்றாள். சேர்த்துக்கொள்ளாது சீலன். ஏழு பேரை நான்தான் கொன்றேன் என்று ஆபீசர் முன்னால் சொன்னவளை எந்த ஊர் சேர்த்துக்கொள்ளும்?

அன்றைக்குக் காலையில் செட்டில் என்ன நடந்தது என்று மெல்ல மெல்லக் கேட்டேன். "மருந்து சுட்டுச்சுக்கா. ஆத்தா கோவம்தான் கையில சுடுதுன்னு நெனச்சேன். பயந்துக்கிட்டே அடைச்சேன்" என்றாள். நீ தொட்டுப் பார்த்த அதே சூடு. நீ மானேஜரிடம் ஓடினாய், அவள் மனதுக்குள் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மழை ஈரத்தில் மருந்து சூடாகிவிட்டது, அதற்கு ஆத்தாள் வேண்டியதில்லை என்று நான் எத்தனை சொன்னாலும், "நீங்க வேதக்காரக, ஒங்களுக்கு எங்க ஆத்தாளத் தெரியாது" என்கிறாள். நான் சொன்னால் வேதக்காரி சொன்னது. நீ அந்த வேலை தெரிந்தவன், அவளுக்கு மருந்து அடைக்கக் கற்றுக்கொடுத்தவன். நீ சொன்னால் கேட்பாள்.

நேற்று என்னைப் பிடித்துக்கொண்டு, செத்தது யார் யார் என்று கேட்டாள். அதுவரைக்கும் நாங்கள் சொல்லாமல் மழுப்பிக்கொண்டிருந்தோம். இனி மறைப்பது பாவம் என்று படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் என்னாலதான், என்னாலதான் என்று உதடு அசைந்தது. நான் சொல்லி முடித்த பிறகும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "சீலண்ணன் பேர இன்னும் சொல்லலையேக்கா, எங்க கூடத்தான உள்ள இருந்தாக" என்று கேட்டாள். நீ சாகவில்லை, ஆபீசுக்குப் போயிருந்தாய், அவளை அள்ளி லாரியில் போட்டுக் கொண்டுவந்தவனே நீதான் என்றேன். நம்பவில்லை. தான் அழுவோமே என்று நான் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். சத்தியம் பண்ணச் சொன்னாள். வேத புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். இங்கே வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப அந்த ஒரு உசுராச்சும் எம்மேல இல்ல" என்றாள்.

நான் எழுந்து வராண்டாவுக்கு வந்துவிட்டேன்.

தம்பி, நீ உயிரோடு இருப்பதை ஒரு களவுப்பொருள் மாதிரி பெங்களூரில் ஒளித்து வைத்திருக்கிறாய். இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். அதைக் கொண்டுவந்து அவள் கண் முன்னால் நிறுத்து. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். பொன்னுத்தங்கம் அக்கா வீட்டுக்கு நீ தனியாகப் போக வேண்டாம், நான் கூட வருகிறேன், அவள் என்ன சொன்னாலும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம்.

நாலாம் தேதி சாத்தூர் ஸ்டேஷனுக்கு நானும் அம்மாவும் வந்து நிற்போம். வழியில் எந்த ஊரிலும் நீ இறங்கிவிடாதபடிக்குக் கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொண்டே வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஞானபூரணி